வெற்றுறை

காவிரிப் படித்துறையில் ஒரு காலை. தலைமுழுக வந்த பெண் ஒருத்தி, இடுப்பில் செருகியிருந்த ஷாம்பு உறையைப் பல்லால் கிழித்தாள். வெற்றுறை ஆற்றோடு போயிற்று. "ஏனம்மா, ஆற்றில் போடலாமா?" என்று கேட்டுவிட்டேன். "வேற எங்கங்க போடச் சொல்றீங்க?" என்றாள். அதில் துடுக்கு இல்லை. உண்மையாகவே இடம் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த உறையைப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. பணக்காரர் வாங்கும் பண்டம் கூலிக்காரருக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் பொருள்களைச் சிறு உறைகளில் அடைத்து விற்க முனைந்தார். அவர் மைந்தர்கள் காலத்தில் வெல்வெட் ஷாம்புவும், பின்னர் 1983-இல் ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்புவும் சிற்றூர்க் கடை வாசல்களில் சரம் சரமாய்த் தொங்கின. நகரத்துச் சீமாட்டிக்குக் கிடைத்த நுரை நாற்று நடுபவளுக்கும் கிடைத்தது. இதைச் சிறிய காரியம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் சிறிதாக வாங்குவது வேறு, உறையில் வாங்குவது வேறு. நம் பாட்டிமார் அரைக்கால்படி எண்ணெய்க்குத் தூக்கைக் கொண்டு போனார்கள். எண்ணெய் தீர்ந்தது, தூக்கு மிஞ்சியது. (அந்த எண்ணெயில் கலப்படம் இருந்ததும் உண்டு, பழமையெல்லாம் பொன்னல்ல.) இந்த உறையோ பல படலங்களை ஒட்டிச் செய்தது. பிரித்தெடுப்பது எளிதன்று. எடையும் இல்லை, ஆகவே குப்பை பொறுக்குபவரும் குனிந்து எடுப்பதில்லை.

இதே சிக் நிறுவனம் ஒரு காலத்தில், எந்த ஷாம்புவின் வெற்றுறையானாலும் ஐந்து கொடுத்தால் ஒரு புதிய உறை இலவசம் என்று அறிவித்தது. பிறகு சிக் உறைகளுக்கு மட்டும் என்று மாற்றியது. விற்பனைக்காகச் செய்த உத்தி அது, மண்ணுக்காகச் செய்ததன்று. ஆயினும் மக்கள் உறைகளைச் சேர்த்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள் அல்லவா? சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று பெரிய பெயரிட்டுப் பேசுகிறோம். ஆற்றங்கரைப் பெண்ணுக்கு அதைக் கற்பிக்க வேண்டியதே இல்லை. வெற்றுறைக்கு ஒரு விலை வைத்தால் போதும். அந்த விலையை யார் கொடுப்பது என்பதல்லவா கேள்வி?

விற்றவரே கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. 2016-ஆம் ஆண்டு விதிகளும் விற்பவர்மீதே பொறுப்பைச் சுமத்தின. 2022-இல் அதற்கு அளவு வகுத்தார்கள். ஆனால் வேறொருவர் கூடுதலாகச் சேர்த்ததற்கான சான்றிதழை விலைக்கு வாங்கியும் கணக்கை நேர்செய்ய வழியுண்டு. ஏடு சுத்தமாகிவிடும், படித்துறை?

அன்று கரையொதுங்கிக் கிடந்த உறைகளில் நாலைந்தைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பழைய சாமான்காரரிடம், என் ஷாம்புவின் காலிப் புட்டியோடு அவற்றையும் நீட்டினேன். புட்டியைச் சாக்கில் போட்டுக்கொண்டார். உறைகளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.