அழைப்புக்கு விலை கொடுப்பது யார்?



ஒரு வாலிபன் எழுந்து நின்று, "கர்த்தர் என்னை அழைத்தார், நான் தூர தேசத்துக்குப் போகிறேன்" என்று சொன்னால் நாம் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவனோடு கூட இன்னும் நாலு பேருடைய வாழ்க்கையும் புறப்படுகிறதே, அதை யார் விசாரிக்கிறார்கள்? வீட்டில் இருக்கிற தாய், நிச்சயம் பண்ணியிருக்கிற பெண், நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகள் என்று எத்தனையோ பேருடைய வருஷங்களையும் சேர்த்துத்தான் அவன் தன் எதிர்காலத் திட்டத்தை எழுதுகிறான். அந்த உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது? இந்தக் கேள்வி சாட்சிக் கூட்டத்தில் வருவதே இல்லை. ராத்திரி சமையல் கட்டில், பாத்திரம் கழுவுகிற இடத்தில்தான் வருகிறது.

இதை யோசித்துப் பார்க்க ஒரு வாத்தியாருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுகிறேன். பெயரைச் சொன்னதும், "தெரியுமே பாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன்னு சொன்னவர்தானே?" என்பீர்கள். ஆம், எரிக் லிடெல்தான். 1924-ல் பாரீஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஓய்வுநாளில் வந்தபடியால் அதை விட்டுவிட்டார். கப்பல் ஏறுகிற நேரத்தில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது மாதிரி நம்ம பிரசங்கிமார் சொல்லுவாங்க. அது 1981-ல் வந்த சினிமா பண்ணின வேலை. உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நானூறு மீட்டருக்குப் பழகினார். ஜூலை 11-ஆம் தேதி 47.6 வினாடியில் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கினார். நம்முடைய பிரசங்கம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே ஆமென் சொல்லி முடிந்துவிடும். எனக்கோ அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த வருஷமே, 1925-ல், 23 வயதில், சைபீரியா வழியாக ரயிலில் சீனாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். தியான்ஜின் பட்டணத்தில் லண்டன் மிஷன் நடத்தின ஆங்கிலோ-சைனீஸ் காலேஜ். (நாகர்கோவில், நெய்யூர் பக்கத்துக்காரர்களுக்கு லண்டன் மிஷனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.) விஞ்ஞானமும் விளையாட்டும் சொல்லிக் கொடுக்கிற வேலை. ஸ்காட்லாந்தில் அவரைத் தெரியாத வீடு இல்லாத காலம் அது. ஓட்டத்தை வைத்தே பேரும் பணமும் சம்பாதித்திருக்கலாம். அவரோ தங்கம் வாங்குவதற்கு முன்பே சீனாவுக்குப் போவதாகத் தீர்மானித்திருந்தார், வாங்கின பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

போய் இறங்கின வேளையும் நல்ல வேளை அல்ல. அந்த வருஷம் மே 30-ஆம் தேதிதான் ஷாங்காயில் ஊர்வலம் போன ஜனங்கள்மேல் ஆங்கிலேய அதிகாரியின் கீழிருந்த போலீஸ் சுட்டது. தேசம் முழுவதும் வெளிநாட்டாருக்கு விரோதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் வகுப்புக்குள் நுழைகிறார் என்றால் பையன்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்! இருந்தாலும் பன்னிரண்டு வருஷம் அங்கே வேதியியல் நடத்தினார், பையன்களோடு ஓடினார், வேத வகுப்பு வைத்தார். பத்திரிகையில் எழுதுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட வாத்தியாருடைய நாட்கள் எங்கேயும் அப்படித்தானே.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இந்த மனுஷன் தன் திட்டத்துக்காக யாருடைய வருஷங்களைச் செலவு பண்ணினார்?

முதலில் அவருடைய வருஷங்களையே வேறொருவர் செலவு பண்ணியிருந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். அவருடைய தகப்பனார் சீனாவில் மிஷனெரி. எரிக் பிறந்ததே தியான்ஜினில்தான், 1902-ல். ஐந்து வயதில் பெற்றோர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கூட வந்தார். அடுத்த வருஷம் அண்ணனையும் அவரையும் லண்டனில் மிஷனெரி பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தகப்பனும் தாயும் சீனாவிலே இருந்து ஊழியம் செய்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை! அதன்பின் தகப்பன் முகத்தை எப்போதாவது வருஷக்கணக்கில் ஒருமுறை பார்ப்பது. ஊழியக்காரன் வீட்டுப் பிள்ளை கொடுக்கிற விலை என்ன என்பதை அவருக்கு ஒருவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு புளோரன்ஸ் மெக்கென்சி. தியான்ஜினிலேயே இருந்த கனடா தேசத்து மிஷனெரி குடும்பத்துப் பெண். அவரைவிடப் பத்து வயது இளையவள். நிச்சயம் ஆனபோது பெண்ணின் பெற்றோர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: முதலில் அவள் கனடாவுக்குப் போய் நர்ஸ் படிப்பை முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கல்யாணம். இன்றைக்கு நம்ம வாலிபப் பிள்ளைகளிடத்தில் இப்படிச் சொன்னால் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். லிடெல் காத்திருந்தார். 1934-ல்தான் கல்யாணம் நடந்தது. தன் எதிர்காலத்தில் அந்தப் பெண்ணுடைய எதிர்காலமும் இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்டதற்கு இது அடையாளம் என்று நான் நினைக்கிறேன். அந்தப் படிப்பு எதற்கு உதவினது என்று பிற்பாடு சொல்லுகிறேன்.

1937-ல் ஜப்பான் சேனை சீனாவுக்குள் வந்தது. அந்த வருஷக் கடைசியில் மிஷன் அவரை சியாவ்சாங் என்கிற கிராமப் பகுதிக்கு ஊழியத்துக்கு அனுப்பினது. போக வேண்டுமா வேண்டாமா என்று வெகு நாள் தயங்கித்தான் போனார். ஒரு பக்கம் ஜப்பான் பட்டாளம், மறுபக்கம் சீன கொரில்லாக்கள், நடுவில் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிற இவர். மனைவி பிள்ளைகளுக்கு அங்கே போக அனுமதி இல்லை, அவர்கள் தியான்ஜினில் தங்கினார்கள். பிரிவு அங்கேயே தொடங்கிவிட்டது.

1941-ல் நிலைமை முற்றினது. பிரிட்டிஷ் அரசாங்கம் தன் ஜனங்களை வெளியேறும்படி சொன்னது. புளோரன்ஸ் அப்போது கர்ப்பவதி, கையில் இரண்டு பெண் பிள்ளைகள். இருவரும் பேசி முடிவு எடுத்தார்கள். அவள் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போனாள், அவர் தங்கினார். மூன்றாவது மகள் மௌரீன் அந்த செப்டம்பரில் டொராண்டோவில் பிறந்தாள். தகப்பன் அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் "ஆண்டவருக்காக எல்லாவற்றையும் விட்டார், அல்லேலூயா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. யெப்தாவை நினைத்துக்கொள்ளுகிறேன். பொருத்தனை பண்ணினது தகப்பன், விலை கொடுத்தது மகள். நியாயாதிபதிகள் 11-ஆம் அதிகாரத்தை வாசித்து அல்லேலூயா சொல்லுகிறவன் யாராவது உண்டா? மாற்கு 7-ல் நம்முடைய ஆண்டவர் கொர்பானைக் குறித்து என்ன சொன்னார் என்பதும் உங்களுக்குத் தெரியும். தேவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை நிறுத்துகிறவனை அவர் பக்திமான் என்று மெச்சிக்கொள்ளவில்லை. ஆகவே தேவனுடைய பேரைச் சொல்லுகிறபடியினாலேயே ஒரு திட்டம் நியாயமாகிவிடாது. அந்தத் திட்டத்துக்கு யார் கையிலிருந்து பணம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

1943-ல் ஜப்பானியர் லிடெலை வெய்சியன் என்கிற இடத்தில் இருந்த முகாமில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் ஒரே மதிலுக்குள். அதில் பெற்றோரை விட்டுப் பிரிந்த பிள்ளைகள் அநேகர். தாய் தகப்பன் உள்நாட்டில் எங்கேயோ ஊழியத்தில் இருக்க, விடுதிப் பள்ளிக்கூடத்தோடு பிடிபட்ட மிஷனெரி பிள்ளைகள். அங்கேயும் இவர் வாத்தியார்தான். ஆய்வுக்கூடம் கிடையாது, சோதனைக் குழாய் கிடையாது. அதற்காகப் பாடம் நிற்கவில்லை. உபகரணங்களைப் படமாக வரைந்து, வேதியியல் பாடத்தைக் கையாலேயே ஒரு புஸ்தகமாக எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

அந்த முகாமில் நடந்த ஒரு சின்ன காரியத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். முகாமில் வாலிபப் பிள்ளைகளுக்கு விளையாட்டுகளை ஒழுங்கு பண்ணினவர் இவரே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு இல்லை. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாதபடியால் அது அடிதடியில் போய் முடிந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நடுவராக மைதானத்தில் வந்து நின்றவர் யார் தெரியுமா? உலகமெல்லாம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று சொன்ன அதே எரிக் லிடெல்!

அவருடைய வைராக்கியம் தளர்ந்துபோயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். நம்ம சபையிலும் சிலர் புருவத்தை உயர்த்துவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. 1924-ல் அவர் விட்டது தன்னுடைய பந்தயத்தை. நஷ்டம் வந்திருந்தால் அது அவருக்கே வந்திருக்கும். வெய்சியனில் அவர் தன் பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டு அறையில் இருந்திருந்தால் அடிபட்டிருக்கப்போவது பிள்ளைகள். தன் பக்திக்குத் தான் விலை கொடுக்க அவர் ஆயத்தமாய் இருந்தார். அதே பக்திக்கு மற்றவர்கள் பிள்ளை விலை கொடுக்கும்படி ஆகும்போது, பேசாமல் விசிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டும் ஒரே மனுஷன்தான், ஒரே மனசாட்சிதான்.

இந்த அளவுகோலை வைத்து 1941-ஐப் பார்த்தால் என்ன? மனைவியிடத்தில் பேசினார், சேர்ந்து முடிவு செய்தார்கள், அது நியாயம். பிள்ளைகளிடத்தில் யாரும் கேட்கவில்லை. அவ்வளவு சின்னப் பிள்ளைகளிடம் என்ன கேட்பது? இவர் பெற்றோரற்றவர்கள் போலிருந்த பிள்ளைகளுக்குத் தகப்பனாய் இருந்தாரே, அதில் கணக்கு சரியாகிவிட்டதே என்று ஒருவர் சொல்லலாம். அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வெய்சியனில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த தகப்பன், டொராண்டோவில் ஒரு பிள்ளைக்கு இல்லாமல் போன தகப்பன். அந்தக் கணக்கை எழுதவும் கூட்டவும் மனுஷனால் ஆகாது. ஆனால் அவர் ஒளிந்துகொள்ளவில்லை என்று மட்டும் சொல்லுவேன். தேவ சித்தம் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டாருடைய கண்ணீருக்கு முதுகைக் காட்டினவர் அல்ல அவர். காத்திருக்கச் சொன்னபோது காத்திருந்தார், தயங்க வேண்டிய இடத்தில் தயங்கினார், பேச வேண்டியவளோடு பேசினார்.

இன்று நம்மிடத்திலிருந்தும் வாலிபப் பிள்ளைகள் வாத்தியார் வேலைக்கென்று கடல் கடந்து போகிறார்கள். மாலத்தீவுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஏறினால் கொஞ்ச நேரம்தான், ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறைதான் வீடு. "ரெண்டே வருஷம்மா, வந்திடுவேன்" என்று சொல்லிப் போகிறான். ரெண்டு நாலாகிறது, நாலு ஆறாகிறது. தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன், பிறகு சொந்தக் கல்யாணம், பிறகு பிள்ளை. போகாதே என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறது எந்தத் தீவிலும் நல்ல வேலைதான். தம்பி, உன் திட்டத்தை ஜெபத்தில் வை, சந்தோஷம். அதை வீட்டில் சாப்பாட்டு நேரத்திலும் வை. உனக்காகக் காத்திருக்கிறவள் என்ன சொல்லுகிறாள் என்று கேள். அவள் "சரி" என்று சொன்ன விதத்தையும் கவனி. நம்ம ஊர்ப் பெண்பிள்ளைகள் "சரி" என்று சொல்லுவதில் பத்து விதம் உண்டு, பெற்றவர்களுக்கும் அது தெரியும்.

புளோரன்ஸின் நர்ஸ் படிப்பைப் பற்றிச் சொல்லுகிறேன் என்றேனே. கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அந்தப் படிப்புதான், மூன்று பெண் பிள்ளைகளோடு தனியாய் நின்றவளுக்குப் பிற்பாடு பிழைப்பாயிற்று. பெற்றோர் அந்த நிபந்தனையை வைத்தபோது இந்த நாளை ஒருவரும் நினைத்திருக்க முடியாது.

முகாமிலிருந்து கடிதம் எழுத செஞ்சிலுவைச் சங்கத்தின் காகிதம் மட்டும். சில வரிகளுக்கு மேல் இடம் இல்லை, போய்ச் சேர மாதக்கணக்கு. 1945 பிப்ரவரி 21-ஆம் தேதி லிடெல் முகாம் ஆஸ்பத்திரியில் இருந்தபடி மனைவிக்குக் கடைசியாக ஒன்று எழுதினார். பொறுப்பு அதிகமானதினால் நரம்புத் தளர்ச்சி வந்திருக்கிறது, இப்போது தேவலை, பாடமும் விளையாட்டும் நடத்துகிற வேலையை விட்டுவிட்டு ரொட்டி சுடுகிற இடத்தில் சரீர வேலைக்கு மாறும்படி டாக்டர் யோசனை சொல்லுகிறார், அது நல்ல மாற்றமாயிருக்கும் என்று அதில் சொல்லியிருந்தார். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பைத் தெரிவித்திருந்தார். அது நரம்புத் தளர்ச்சி அல்ல, மூளையில் கட்டி. அன்று ராத்திரியே மரித்துப்போனார். வயது 43. செய்தி கனடாவுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆயிற்று. ரொட்டி சுடப் போகிறேன் என்கிற அந்தக் கடிதமும் பிற்பாடு புளோரன்ஸின் கைக்கு வந்தது.