ஒருத்தர் நஷ்டப்பட்டால் ஊருக்கு என்ன?

1788இல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், பழுதுபார்க்காமல் விட்ட பாலம் ஒன்றால் ரஸ்ஸல் என்பவரின் வண்டி சேதமானது. மனுஷன் அந்த மாவட்டத்து மக்கள் மீதே வழக்குப் போட்டார். தோற்றார். இழப்பீடு கொடுக்கப் பொதுநிதி கிடையாது, இவருக்குக் கொடுத்தால் ஆளாளுக்கு வழக்கோடு வருவார்கள், ஊருக்குத் தொல்லை வருவதைவிட ஒருத்தர் நஷ்டப்படுவது மேல். இதுதான் நீதிபதிகள் சொன்ன நியாயம்.

சாலையைத் தோண்டிக் கெடுத்தால் பொறுப்பு, கவனிக்காமல் விட்டால் பொறுப்பில்லை என்ற விலக்கை 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான் நீக்கியது. இப்போது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 41ஆம் பிரிவு பராமரிப்பைக் கவுன்சிலின் கடமையாக்குகிறது. 58ஆம் பிரிவு தப்பிக்க ஒரு வாசல் வைக்கிறது: நியாயமான அக்கறை எடுத்தோம் என்று நிரூபித்தால் போதும்.

போன குளிர்காலத்தில் மழைத்தண்ணி மூடிய குழியில் என் கார் இறங்கி, டயர் போச்சு, ரிம் நெளிஞ்சுது. எங்கள் கவுன்சிலிடம் இழப்பீடு கேட்டேன். ஒழுங்காகச் சோதனை செய்கிறோம், இந்தக் குழி பற்றி யாரும் புகார் தரவில்லை, ஆகவே பணம் இல்லை என்று பதில் வந்தது.

"அந்தக் காசுல ரெண்டு குழியை மூடலாமே, விடுடா" என்றான் நண்பன். டெவன் நீதிபதிகளின் அதே குரல்! ஊர் முழுக்கப் பங்கிட்டால் ஆளுக்குச் சில பென்ஸ்கூட வராத நஷ்டத்தை நான் ஒருத்தன் சுமந்தால், குழியை மூடாமல் விடுவது கவுன்சிலுக்கு மலிவாகிவிடும். அவனுக்கு இதைச் சொன்னேன், கேட்கவில்லை. என்னை உறுத்துவது வேறு. படம் எடுத்து, ஆழம் அளந்து, ரசீது இணைத்து ஆங்கிலத்தில் வாதாட எனக்குத் தெரியும். ராத்திரி சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிற பையன் அதே குழியில் விழுந்தால் உடைவது ரிம் இல்லை, தோள்பட்டை. படிவம் நிரப்ப அவனுக்கு ஏது நேரம்?

58ஆம் பிரிவில் ஒரு விசித்திரம் உண்டு. குழி இருப்பது கவுன்சிலுக்குத் தெரியுமா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். எனக்கு முன்னால் போன ஒருத்தர் சொல்லியிருந்தால் என் வழக்குக்குப் பலம் இருந்திருக்கும். நான் எழுதிய கடிதத்தால் எனக்கு ஒரு பென்னி வரவில்லை. ஆனால் இனிமேல் அந்தக் குழியில் விழுகிறவரிடம் 'எங்களுக்குத் தெரியாது' என்று அவர்களால் சொல்ல முடியாது. அந்தப் பையனுக்கு இது எப்படித் தெரியவரும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.