மண்ணில் கிடப்பவர்

 

திருமறையின் 90-ஆவது அத்தியாயமாகிய அல்பலதில், ஏறுவதற்குக் கடினமான ஒரு கணவாயைப் பற்றி அல்லாஹுத்தஆலா கூறுகிறான். அதைக் கடக்கும் வழிகளில் ஒன்று, பஞ்ச நாளில் ‘மத்ரபா’ உடைய ஏழைக்கு உணவளிப்பது. மத்ரபா என்பது மண்ணைக் குறிக்கும் சொல். மண்ணிலிருந்து தன்னைக் காக்க வீடில்லாமல் பாதையில் கிடப்பவனே அவன் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தின் பெயருக்கே ‘நகரம்’ என்பதுதான் பொருள் என்பதையும் கவனியுங்கள்.

நம் நகரங்கள் அவனை என்ன செய்தன? 1981-ஆம் ஆண்டு ஜூலை மாதம், கொட்டும் மழைக்காலத்தில், பம்பாயின் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்திச் சொந்த ஊர்களுக்கு அனுப்ப முதலமைச்சர் அந்துலே முடிவு செய்தார். (அவரும் நம் சமுதாயத்தவரே என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985 ஜூலை 10-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் நடைபாதையைச் சொந்தம் கொண்டாட எவருக்கும் உரிமையில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது. சென்னை மக்களுக்காக கே. சந்துரு அவர்கள் தொடுத்த வழக்கிலும் அன்றே தீர்ப்பாயிற்று.

பாதை நடப்பவர்களுக்குரியது என்பதை நாமும் மறுக்கவில்லை. பாதைகளில் உட்காராதீர்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்களும் தடுத்தார்கள். ஆனால் ஸஹாபாக்கள், “யா ரஸூலல்லாஹ், எங்களுக்கு அதை விட்டால் வேறு வழியில்லையே” என்ற கருத்தில் முறையிட்டபோது, நாயகம் அவர்கள் விரட்டவில்லை. அப்படியானால் பாதைக்குரிய கடமையைச் செலுத்துங்கள் என்று இளகினார்கள். வேறு இடமில்லை என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பிருந்தது.

இனி நம் கதவுகளைப் பார்ப்போம். நடைபாதையில் படுக்காதே என்கிறது நகராட்சி. இஷா முடிந்ததும் பூட்டைப் போட்டு, ‘இங்கே படுக்கக் கூடாது’ என்று பலகை மாட்டுகிறது ஜமாஅத். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மதீனாப் பள்ளியில் வீடற்ற திண்ணைத் தோழர்கள் இரவும் பகலும் இருந்தார்கள். மணமாகாத வாலிபராக இருந்தபோது இப்னு உமர் (ரலி) அங்கே உறங்கியிருக்கிறார்கள். விடுதலை பெற்ற ஒரு கறுப்பினப் பெண்ணுக்குப் பள்ளிக்குள்ளேயே கூடாரம் இருந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு நாள் அலீ (ரலி) அவர்கள் வீட்டில் ஏற்பட்ட மனக்கசப்பினால் பள்ளியில் வந்து படுத்துவிட்டார்கள். மேலாடை நழுவி முதுகெல்லாம் மண். தேடி வந்த நாயகம் அவர்கள் தம் திருக்கரத்தால் அந்த மண்ணைத் துடைத்து, “அபூதுராபே, எழுந்திரும்” என்றார்கள். மண்ணின் தந்தை! அந்தப் பெயரைத்தான் அலீ (ரலி) அவர்கள் எல்லாப் பெயர்களிலும் அதிகம் விரும்பினார்கள்.

பள்ளியில் உறங்குவதற்கு ஷாஃபிஈ மத்ஹபில் தடையில்லை. ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ் என்றாலும், முஸாஃபிருக்கும் இஃதிகாஃபில் இருப்பவருக்கும் விலக்கு உண்டு. சுத்தம் கெடும், சாமான் களவு போகும் என்று முத்தவல்லிமார் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அதற்குத் தொழும் இடத்தைப் பூட்டிக்கொள்ளலாம். வெளி வராந்தாவையும் ஹவுளையும் கழிப்பறையையும் ஏன் பூட்ட வேண்டும்?

செம்பரம்பாக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2015 டிசம்பர் 1 இரவில் நம் ஏரி நீர் அடையாற்றில் பாய்ந்து கரையோர வீடுகளை மூழ்கடித்தபோது, சென்னைப் பள்ளிவாசல்கள் மதம் பாராமல் திறந்தன. யாரும் எந்தப் பலகையையும் காட்டவில்லை.

ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம் பெருநகரங்களில் இரவுத் தங்குமிடம் அமைக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் உத்தரவிட்டது. அதை அரசிடம் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்து ஜமாஅத்தார் அடுத்த கூட்டத்தில் வராந்தாச் சாவியைப் பற்றிப் பேசுங்கள். நாலு பாய், ஒரு விளக்கு, மோதினாருக்குக் கொஞ்சம் கூடுதல் சம்பளம். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிவு செய்துவிட்டால் நல்லது.