காலிப் பெட்டியின் ஊளை

எங்கள் சபையில் ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்கு கிட்டார் வாசிப்பவன் நான். லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு, போதகர் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, கிறிஸ்து தம்மை வெறுமையாக்கியதைப் பற்றிப் பேசினார். நாமும் வெறுமையாக வேண்டும் என்று மூன்றாம் முறை அவர் சொன்னபோது என் மடியிலிருந்த கிட்டார் 'ஊ...' என்று ஊளையிட்டது. கம்பியை நான் தொடவேயில்லை. வால்யூமைக் குறைக்க மறந்திருந்தேன். பக்கத்து மானிட்டர் ஸ்பீக்கரில் வந்த போதகரின் குரல் அதை எழுப்பிவிட்டது. பின்வரிசைப் பையன்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முடிந்ததும் சவுண்ட் பார்க்கும் தம்பி வந்து, "அண்ணே, அந்தப் பொட்டியக் கொஞ்சம் அடக்குங்கண்ணே" என்றான்.

பொட்டி என்றது சரிதான். கிப்ஸன் 1949-இல் கொண்டுவந்த ஈஎஸ்-175 என்ற ஹாலோபாடி, அதாவது உள்ளே காலியான கிட்டாரைப் பார்த்துச் செய்த நகல் அது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மேப்பிள் பிளைவுட்டை வளைத்துச் செய்த கூடு. மேல்பலகையில் வயலினுக்கு இருப்பதுபோல் இரண்டு எஃப் துளைகள். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே தூசியும், என்றோ தவறி விழுந்த ஒரு பிக்கும்.

நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாத்தியக்காரனுக்கு அந்தப் பழமொழி உதவாது. கடம் வாசிப்பவர் காலிக் குடத்தைத்தான் வயிற்றோடு அணைத்துக்கொள்கிறார். ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரில் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும். காற்றோ மரமோ அதற்குக் கேட்காது. எஃகுக் கம்பியின் அசைவு ஒன்றே தெரியும். 1936-இல் வந்த ஈஎஸ்-150 கிட்டாரை வைத்துக்கொண்டு சார்லி கிறிஸ்டியன், பெனி குட்மன் குழுவில் ஊதுகுழல்காரர்களுக்குச் சமமாகத் தனி வாசித்தாரே, ஆம்ப்புக்குப் போனது கம்பியின் சேதி மட்டும்தான். அப்படியானால் உள்ளே அந்த வெற்றிடம் எதற்கு?

வீட்டில் இரண்டு கிட்டார்களை மாற்றி மாற்றி மீட்டிப் பார்த்தேன். திடக்கட்டைக் கிட்டாரில் ஒரு ஸ்வரம் நின்றுகொண்டே இருக்கிறது. ஹாலோபாடியில் 'தும்' என்று மலர்ந்து சட்டென அடங்கிவிடுகிறது. மெல்லிய மேல்பலகை கம்பியின் பலத்தை வாங்கி அறைக்காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. கம்பி சீக்கிரம் ஓய்கிறது, பிக்கப் அந்த ஓய்வைக் கேட்கிறது. கம்பி எப்படிச் சாகிறது என்பதில்தான் வெறுமையின் கைவேலை. வெஸ் மாண்ட்கோமரி பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசித்ததைக் கேட்டு நான் உருகுவதெல்லாம் பெரும்பாலும் இந்த அற்பாயுசுக்காகத்தான்.

இந்தச் சாவைச் செதுக்கியவர்களும் உண்டு. நியூயார்க் கென்மேர் தெருவில் ஜான் டி'ஆஞ்செலிகோ, 1932 முதல் 1964-இல் இறக்கும்வரை, ஸ்ப்ரூஸ் பலகையைக் கையால் இழைத்து வளைவு எடுத்து கிட்டார் செய்தார். பலகை தடித்தால் வாத்தியம் ஊமை. ரொம்ப மெலிந்தால் பிரிட்ஜ் அழுத்தத்தில் அமிழ்ந்துவிடும்.

தொல்லை என்னவென்றால், காலியாக இருப்பதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. பக்கத்தில் எது சத்தமோ அதற்கு ஆடும். கிட்டார்காரர் லெஸ் பால் இந்த ஆட்டமே வேண்டாமென்று, 1940 வாக்கில் எபிஃபோன் கிட்டார் பட்டறை விடுமுறையான ஞாயிறுகளில் போய் ஒரு பைன் கட்டையில் கம்பி கட்டினார். பார்த்தவர்கள் முகம் சுளிக்கவே, ஒரு கிட்டாரை இரண்டாக அறுத்து கட்டையின் இருபுறமும் சிறகாக ஒட்டினார். (பாதி ஜனம் கண்ணால்தான் கேட்கிறது.) 1958-இல் கிப்ஸனே ஈஎஸ்-335-இன் நடுவில் கட்டையை வைத்து சமரசம் செய்துகொண்டது. ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங்கோ எஃப் துளைகளில் துணியைத் திணித்துப் பார்த்து, 1980-இல் தம் பெயரில் வந்த மாடலில் துளையே இல்லாமல் செய்யவைத்தார்.

போதகரிடம் இதைச் சொன்னேன். "ஐயா, வெறுமையானவன் சாத்தான் பேசினாலும் அதிர்வானே?" அவர் சிரிக்கவில்லை. மத்தேயு பன்னிரண்டில் பெருக்கி அலங்கரித்த காலி வீட்டுக்கு ஏழு ஆவிகள் கூடுதலாக வருவதை நினைவுபடுத்தினார். "அதைப் பிரசங்கிக்க எனக்குப் பயம் தம்பி" என்றார்.

ஒரு வாரம் பழைய பனியனைச் சுருட்டித் துளையில் வைத்தேன். ஊளை நின்றது, கீழ்க்கம்பிகள் சளிபிடித்த மாதிரி ஆயின. போன ஞாயிறு அதை உருவிவிட்டு, ஸ்பீக்கருக்கும் கிட்டாருக்கும் நடுவே என் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். சபைக்கு இப்போது என் தோள்பட்டைதான் தெரிகிறது. தம்பி தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.