கதை சொல்பவர் பட்ட கடன்

டமாஸ்கஸ் நகரத்துக் காப்பிக் கடைகளில் கதை சொல்லிப் பிழைப்போரை ‘ஹக்கவாத்தி’ என்பர். அவர்களுள் ஒருவர் வீரன் அந்தரின் வரலாற்றை இரவுதோறும் சொல்லி வந்தாராம். ஓர் இரவு, அந்தர் பகைவர் கையில் அகப்பட்டுச் சிறையில் கிடக்கும் கட்டத்தில் கதையை நிறுத்திவிட்டு வீடு திரும்பினார். கேட்டிருந்தவர்களுள் ஒருவருக்கு உறக்கம் வரவில்லை. நள்ளிரவில் எழுந்து போய்க் கதை சொல்பவரின் கதவைத் தட்டி, “அந்தரை விடுவித்துவிட்டு அப்புறம் உறங்கும்” என்று மன்றாடினாராம். அரபு நாட்டில் வழங்கும் இந்தச் செய்தியை நகைச்சுவையாகவே நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். அதனுள்ளே ஒரு நீதி வழக்கு அடங்கியிருப்பதை அண்மையில்தான் உணர்ந்தேன்.

உணர்த்தியவள் என் மகள். கல்லூரி விடுமுறையில் ஆங்கில நாவல் வரிசை ஒன்றைக் கையிலெடுத்து, படித்ததை மாலைதோறும் எனக்குக் கதையாகச் சொல்லி வந்தாள். ஆறாம் பாகத்தை முடித்த அன்று புத்தகத்தை மடியிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, “வாப்பா, அந்தத் தாய் தன் பிள்ளையைக் கடைசிவரை பார்க்கவேயில்லை. இந்த அம்மா நம்மை ஏமாற்றிவிட்டார் அல்லவா?” என்று கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை.

அந்நாவல் வரிசை, ஜீன் எம். ஔல் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இயற்றிய ‘பூமியின் பிள்ளைகள்’. முதற் பாகமாகிய ‘குகைக் கரடியின் குலம்’ 1980இல் வெளிவந்தது. ஐந்து மக்களுக்குத் தாயான அவர் நாற்பது வயதை ஒட்டியே கதை எழுதத் தொடங்கினார். நூலகங்களில் நெடுநாள் படித்தார். கல்லைச் செதுக்கிக் கருவி செய்யவும், பனியில் குடைந்து இரவு தங்கவும் நேரில் பழகினார். கதை நிகழுமிடம் பனி மூடிய பழைய ஐரோப்பா. அய்லா என்னும் ஐந்து வயதுச் சிறுமி நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்து அலைகிறாள். அவளை வேற்றினத்தாராகிய நியாண்டர்தால் குலத்தார் கண்டெடுக்கின்றனர். அக்குலத்தின் மருத்துவப் பெண்ணும், அவளுடைய உடன்பிறந்தவரும் ஒற்றைக் கண்ணருமாகிய கிரெப் என்னும் பூசகரும் அவளை வளர்க்கின்றனர். வளர்ந்தபின் அக்குலத்து முரடன் ஒருவனின் வன்செயலால் அவளுக்கு டர்க் என்னும் ஆண்மகவு பிறக்கிறது. அம்முரடனே பின்னர்த் தலைவனாகி அவளைச் சபித்து விரட்டுகிறான். குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு அவள் தனியே புறப்படுவதோடு முதற் பாகம் முடிகிறது.

மனித குலத்தின் தொன்மை பற்றிய அறிவியல் கணக்கும், ஆதம் (அலை) அவர்கள் வரலாறும் எவ்வாறு பொருந்தும் என்பது தனியே எழுதத்தக்க பெரும் பொருள்; அதனை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கதையைப் படித்தவர்களின் மனக்குறை எவ்வளவு நியாயமானது என்பதே இங்கு ஆராயப்படுவது.

குறைகள் பல. முதலாவது, காலத் தாழ்வு. நான்காம் பாகம் 1990இல் வந்தது. ஐந்தாம் பாகத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. ஆறாவதும் இறுதியுமான பாகத்துக்கு மேலும் ஒன்பது ஆண்டுகள். 1980இல் இளமையில் படிக்கத் தொடங்கியவர் 2011இல் கதையை முடித்தபோது பேரப்பிள்ளை கண்டிருப்பார். இரண்டாவது, இறுதிப் பாகத்தின் சோர்வு. குகை குகையாகச் சென்று ஓவியம் காண்பதும், முன்னர்ச் சொன்னவற்றையே திரும்பச் சொல்வதும் மிகுந்துவிட்டன என்று நெடுநாள் காத்திருந்தவர்களே வருந்தினர். மூன்றாவது, ஆண் பெண் உறவு பற்றிய வருணனை. 1990களில் அமெரிக்க நூலகங்களில் மிகுதியாக ஆட்சேபம் எழுந்த நூல்களின் பட்டியலில் இவ்வரிசையும் இடம்பெற்றது. அப்பகுதிகளை என் மகள் சொல்லாமலே கடந்தாள், நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இவை எல்லாவற்றினும் மேலாக வாசகர் நெஞ்சில் தைத்தது நான்காவது குறை. டர்க் என்ன ஆனான்? தாயும் மகனும் மீண்டும் சந்தித்தார்களா? ஆறு பாகங்களும் முடிந்தன, விடை வரவேயில்லை.

இவ்வழக்கைச் சட்ட நூலார் நெறியில் சற்றே நிறுத்துப் பார்ப்போம். விற்பனை என்பது, கொடுக்கிறேன் என்ற சொல்லும் ஏற்கிறேன் என்ற சொல்லும் கூடினால் நிறைவேறுவது. முதற் பாகத்தை விலை கொடுத்து வாங்கியவர் அப்பாகத்தையே வாங்கினார். எழுதப்படாத அடுத்த பாகம் அந்த விற்பனையில் அடங்காது. ஆதலால் விற்பனை வழியில் வாசகருக்கு வழக்கில்லை.

வாக்கு வழியில் உண்டா? வாக்களித்ததை நிறைவேற்றுவது நற்பண்பு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதனை நீதிபதி வற்புறுத்தலாமா என்பதிலேதான் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். வாக்கை நம்பி ஒருவர் செலவிலோ பொறுப்பிலோ இறங்கிவிட்டால், வாக்களித்தவர் அதனை நிறைவேற்றியே தீரவேண்டும் என்பது மாலிக்கி மத்ஹபில் பெயர்பெற்ற கருத்து. முப்பது ஆண்டுகளைச் செலவிட்ட வாசகர் இக்கருத்தைத் துணைக்கழைக்கலாம். ஆனால் அந்த அம்மையார் வாக்களித்தது ஆறு பாகங்கள் எழுதுவதாக, ஆறும் எழுதினார். தாயையும் மகனையும் சேர்த்து வைப்பதாக வெளிப்படையாகச் சொன்னாரா? என் மகளைக் கேட்டேன். “சொல்லவில்லை, ஆனால் பின் வந்த பாகங்களிலும் அவள் மகனை நினைத்து ஏங்குகிறாளே!” என்றாள்.

வெளிப்படைச் சொல்லை ‘ஸரீஹ்’ என்றும், குறிப்புச் சொல்லை ‘கினாயா’ என்றும் பிரிப்பது நம் மதரஸாப் பாடம். குறிப்புச் சொல் சொன்னவரின் நிய்யத்தைப் பொறுத்தது. தாய் ஏங்குவதாக எழுதியவர், சந்திப்பு வரும் என்று குறித்தாரா, ஏக்கம் தீராது என்று குறித்தாரா? அவர் உள்ளத்தை நாம் அறியோம். ஆகவே ‘நன்றாக முடிக்கவில்லை’ என்று சொல்ல வாசகருக்கு முழு உரிமை உண்டு. பொருளின் தரத்தைப் பேசுவது வாங்கியவர் உரிமை. ‘ஏமாற்றினார்’ என்று சொல்ல உரிமை இல்லை. அது ஒருவரின் நிய்யத்தின்மீது சுமத்தும் பழி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை மறந்து, நூலின்மீது கொண்ட கோபத்தை நூலாசிரியரின் நேர்மை மேலும் முதுமை மேலும் காட்டியவர்கள் அன்பின் பெயரால் அநீதி இழைத்தவர்களாவர்.

இந்த அளவில் மகளுக்கு விடை சொல்லியிருக்கலாம். ஆயினும் எண்ண எண்ண வேறொரு கடன் என் நினைவுக்கு வந்தது. எழுத்தாளர் வாசகருக்குப் பட்ட கடனைக் கேட்கக் கோடிக்கணக்கானோர் இருந்தனர். எவரைப் பற்றி எழுதினாரோ அவர்களுக்குப் பட்ட கடனைக் கேட்க யார் இருந்தார்? அவர்கள் எலும்பாய்க் கிடக்கிறார்கள்.

வட ஈராக்கின் குர்து மலைநாட்டில் ஷானிதார் என்னும் குகை உண்டு. அங்கே 1950களில் ரால்ஃப் சொலெக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் நியாண்டர்தால் மனிதரின் எலும்புகளை அகழ்ந்தெடுத்தார். அவற்றுள் ஒருவருக்கு ஒரு கை பயனற்றுச் சூம்பியிருந்தது, ஒரு கண் பார்வையிழந்திருந்தது, நடையும் ஊனம். இருந்தும் அவர் தம் கூட்டத்தில் நெடுங்காலம் உயிர்வாழ்ந்திருக்கிறார். வேட்டையாட இயலாத ஒருவரை மற்றவர்கள் தாங்கியிருக்கிறார்கள் என்பதல்லவா இதன் பொருள்! கதையில் வரும் கிரெப்பிடம் இவருடைய சாயலே காணப்படுகிறது. நியாண்டர்தால் என்றால் காட்டு விலங்கு என்று உலகம் எண்ணிய காலத்தில், அவர்களுக்கு மருந்தும் இரக்கமும் வழிபாடும் கொடுத்து எழுதியது அந்த அம்மையார் செய்த பெரிய நீதி.

ஆயினும் அவர்கள் வாய்ப்பேச்சில் குறைந்து கைச்சாடையால் பேசுவோர் என்றும், முன்னோர் நினைவைப் பிறப்பிலேயே பெற்றமையால் புதியன கற்க இயலாதோர் என்றும், ஆதலால் அழியவே விதிக்கப்பட்டோர் என்றும் எழுதினார். அன்றைய அறிவு இடம் கொடுத்த கற்பனை அது. அதற்காக அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. பின்னர் 1983இல் கார்மல் மலையின் கெபாரா குகையில் ஒரு நியாண்டர்தாலின் நாவடி எலும்பு கிடைத்தது. அது நம்முடையதைப் போலவே இருக்கக் கண்டபின், அவர்களும் குரலெடுத்துப் பேசியிருக்கக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது.

அழிந்தவர் தம் குறையாலேயே அழிந்தார் என்னும் எண்ணம் கதைக்குள் நிற்பதில்லை என்பதே என் அச்சம். 1876இல் தாஸ்மேனியத் தீவில் ட்ருகனினி என்னும் மூதாட்டி இறந்தபோது, அத்தீவின் பழங்குடி அத்தோடு முடிந்தது என்று வெள்ளையர் எழுதினர். நிலத்தைப் பறித்தவர்களே, அழிவு அவர்கள் இயல்பு என்றும் தீர்ப்பளித்தனர். அந்த மூதாட்டியின் எலும்புக்கூடு பல ஆண்டுகள் காட்சிச்சாலையில் நிறுத்தப்பட்டிருந்தது. 1976இல்தான் எரித்துச் சாம்பலைக் கடலில் தூவினர். முடிந்துபோனதாகச் சொல்லப்பட்ட அப்பழங்குடியின் வழித்தோன்றல்களோ இன்றும் வாழ்கின்றனர். வாய் பேச இயலாதவர் கதையை முடித்து எழுதும் அவசரம் எத்தகைய கொடுமைக்குத் துணைபோகும் என்பதற்கு இது சான்று.

இனி டர்க்கிடம் திரும்புவோம். 2010இல் ஸ்வாந்தே பேபோ என்னும் அறிஞரின் குழுவினர் நியாண்டர்தால் எலும்பிலிருந்து மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டனர். இத்துறையில் ஆற்றிய பணிக்காக 2022இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அக்குழு கண்ட செய்தி இது: ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்கள் உடலில் நியாண்டர்தாலின் மரபுப் பங்கு சிறிதளவு உண்டு, ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. இரு குலத்துக்கும் பிறந்த பிள்ளைகள் உண்மையாகவே இருந்தார்கள், வளர்ந்தார்கள், மக்களைப் பெற்றார்கள். இறுதிப் பாகம் வெளிவருவதற்கு முன்பே இச்செய்தி உலகுக்குக் கிடைத்துவிட்டது.

மறுநாள் மாலை என் மகளிடம் சொன்னேன்: “அந்த அம்மா உன்னை ஏமாற்றவில்லை, மகளே. முடிவு நன்றாக இல்லை என்று சொல், தாராளமாகச் சொல். டர்க் எங்கே போனான் என்று கேட்டாயே, அவனைப் போன்ற பிள்ளைகளில் யாரோ ஒருவரின் வழி உன் உடம்பிலும் இருக்கிறது, என் உடம்பிலும் இருக்கிறது.”

அவள் தன் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “அது அவனுக்குத் தெரியும், வாப்பா. அவன் தாய்க்குத் தெரியாதே” என்றாள்.

அதற்கு என்னிடம் விடையில்லை. நூலாசிரியர் மீதிருந்த கோபம் அவள் குரலில் இப்போது இல்லை. பிள்ளையைப் பிரிந்த ஒருத்திக்காக வருந்தும் இரக்கமே இருந்தது. கதை சொல்பவர் நமக்குப் பட்ட கடனை இந்த நாணயத்தால் செலுத்தியிருப்பாராயின், கணக்கு நேராயிற்று என்றே நான் கொள்வேன்.