தொலைவும் திருவுளமும்

இறந்தவர் வீட்டில் நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் மொழி ஒன்று உண்டு. "ஆண்டவர் அழைத்துக்கொண்டார், அவர் சித்தம்" என்போம். சொல்லுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது ஒரு கைத்தாங்கல். அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் ஒருவகை மரணத்தைப் பற்றி மருத்துவ ஆய்வாளர்கள் திரட்டியுள்ள எண்களைப் படித்தபின், அம்மொழியை முன்போல் எளிதாக உச்சரிக்க நமக்கு நா எழவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

குடலில் ஓட்டை விழுந்து நேரும் மரணத்தையே குறிப்பிடுகிறோம். நாட்பட்ட வயிற்றுப்புண், மூன்றாம் வாரத்தை எட்டிய டைபாய்டு காய்ச்சல், குடற்காசம், சீழ்பிடித்த குடல்வால் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று குடற்சுவரைத் துளைத்துவிடுகிறது. அதுவரை உள்ளடங்கியிருந்த அமிலமும் கழிவும் வயிற்றறைக்குள் கசிகின்றன. கத்தியால் குத்தியதுபோல் நோயாளி துடிக்கிறார். வயிறு பலகைபோல் இறுகிவிடுகிறது. இந்நோயில் கொடிய ஏமாற்று ஒன்று உண்டு. சில மணி நேரம் சென்றபின் வலி சற்றே தணிந்ததுபோல் தோன்றும். "வாயுத்தொல்லைதான், இறங்கிவிட்டது" என்று வீட்டார் பெருமூச்சு விடும் அந்த இடைவேளையில்தான் நஞ்சு உடலெங்கும் பரவிக்கொண்டிருக்கிறது. வயிற்றுக்குள் திரைபோல் தொங்கும் கொழுப்புச் சவ்வு ஊர்ந்து சென்று ஓட்டையை மூட முயல்வதும் உண்டு. அறுவை மருத்துவர்களும் அதே சவ்வின் ஒரு துண்டைத்தான் ஓட்டையின்மீது வைத்துத் தைக்கிறார்கள். படைப்பு தொடங்கிவைத்த வேலையை மனிதக் கை முடித்துவைக்கிறது என்று சொன்னால் இறையியலாளர் எவரும் சினங்கொள்ளமாட்டார் என நம்புகிறோம்.

1880ஆம் ஆண்டில் மிக்குலிச் என்னும் அறுவை மருத்துவர் இரைப்பை ஓட்டையைத் தைக்க முயன்றார், நோயாளி பிழைக்கவில்லை. 1892இல் ஜெர்மனியில் ஹாய்ஸ்னர் தைத்த நோயாளி பிழைத்தார். நம் சிந்தனைக்கு இந்த ஆண்டு முக்கியமானது. அதற்குமுன் இந்நோய் கண்ட ஒருவருக்குத் திருவுளத்துக்குப் பணிவதைத் தவிர வேறு வழி ஏறக்குறைய இல்லை. அன்று பணிவு ஒரு புண்ணியம். வழி ஒன்று திறந்துவிட்டபின், அவ்வழி எட்டாத தொலைவில் கிடக்கும் ஒருவருக்காக நாம் காட்டும் பணிவும் அதே புண்ணியம்தானா? அவருடைய பணிவு வேறு. அவர் சார்பில் நாம் பணிந்துகொள்வது வேறு.

ஹாங்காங்கில் ஜான் போயி என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, முன்சிறுகுடலில் ஓட்டை விழுந்தவர்களைப் பற்றி மூன்றே கேள்விகள் கேட்டது. நோயாளிக்கு ஏற்கெனவே வேறு பெருநோய் உண்டா? அறுவைக்கு முன்பே இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டாரா? ஓட்டை விழுந்து 24 மணி நேரம் கடந்துவிட்டதா? மூன்றுக்கும் 'இல்லை' என்ற விடை பெற்றவர்கள் அனைவரும் பிழைத்தனர். மூன்றுக்கும் 'ஆம்' என்றவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. முதற்கேள்வி உடலின் பழைய கணக்கு. இரண்டாவது பெரும்பாலும் மூன்றாவதன் விளைவு. மூன்றாவது கேள்விக்கு விடை நோயாளியின் உடலுக்குள் இல்லை. சாலையில், பேருந்து நேரத்தில், கைப்பணத்தில், பயத்தில் இருக்கிறது. அறநெறி நுழைவதும் அந்த வாசல் வழியாகத்தான்.

நம் நாட்டைப் பற்றிய ஆய்வொன்று 2015இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. ஆனா டேர், பிரபாத் ஜா முதலியோர் எழுதியது. அது மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து தொடங்கவில்லை. 2001 முதல் 2003 வரை நிகழ்ந்த மரணங்களை அறிய, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, இறந்தவர் எப்படி நோயுற்றார், எப்படிப் போனார் என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதினார்கள். அக்குறிப்புகளை மருத்துவர் இருவர் தனித்தனியே படித்துக் காரணத்தைக் குறித்தனர். எழுபது வயதுக்குட்பட்ட 86,806 மரணங்களில் 923 திடீர் வயிற்று நோய்களால் நேர்ந்தவை. 2010இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 72,000 பேர் இவ்வாறு இறந்திருப்பர் என்பது அவர்கள் மதிப்பீடு. நூற்றுக்கு 71 பேர் வீட்டிலேயே இறந்திருந்தார்கள். 87 பேர் கிராமத்தார். இறப்பு மிகுந்த ஊர்த்தொகுதிகளையும் குறைந்த தொகுதிகளையும் ஒப்பிட்டபோது, வசதியுள்ள மாவட்ட மருத்துவமனையிலிருந்து 50 கிலோமீட்டரோ அதற்கு மேலோ விலகியிருக்கும் தொகுதி இறப்பு மிகுந்ததாக இருக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது. 100 கிலோமீட்டரைக் கடந்தால் பதினாறு மடங்கு. வாய், மார்பு, கருப்பைப் புற்றுநோய் மரணங்களில் இத்தகைய தொடர்பு காணப்படவில்லை. மெல்லக் கொல்லும் நோய் தொலைவைப் பொருட்படுத்துவதில்லை. மணிக்கணக்கில் கொல்லும் நோய்க்குத் தொலைவே ஆயுதம்.

அப்படியானால் ஆண்டவர் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களைப் பதினாறு மடங்கு ஆவலோடு அழைக்கிறாரா? கேள்வி முரட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் "அவர் சித்தம்" என்பதை அளந்து பார்த்தால் வந்து நிற்கும் இடம் இதுதான். சாலை போடாதவரும், மயக்க மருத்துவர் பணியிடத்தை நிரப்பாதவரும், இரத்த வங்கி அமைக்காதவரும் கடவுளல்லர்.

ஆவுடையார்கோவிலை எண்ணிப் பார்க்கிறோம். அறந்தாங்கி ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அங்கிருந்து புதுக்கோட்டை இன்னும் முப்பதுக்கு மேல். ஆக, ஆய்வாளர்கள் கோடு கிழித்த ஐம்பதுக்குச் சற்றே உட்பட்டு நிற்கிறது இவ்வூர். மீமிசல் கடற்கரைப் பக்கம் போனால் கோடு தாண்டிவிடும். 2008இல் தமிழகத்தில் 108 ஊர்தி வந்தது. 2017இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இவற்றை நன்றியோடு சொல்லவேண்டும். இவ்வூரின் பழைய பெயர் திருப்பெருந்துறை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளை மாணிக்கவாசகர் இங்கே கோயிலுக்குச் செலவிட்டார் என்பது ஐதீகம். பொதுப்பணம் எதற்குப் போகவேண்டும் என்ற வழக்கு இவ்வூருக்குப் புதிதன்று! உருவமில்லா ஆத்மநாதரை, ஆவுடையார் மட்டும் இருக்க, வழிபடுகிறார்கள் இங்குள்ள சைவ அன்பர்கள். வாக்கு ஊனுடல் எடுத்தது என்று அறிக்கையிடும் நமக்கோ, அந்த ஊனின் ஒவ்வொரு சாணும், குடல் உட்பட, இறையியலுக்கு உரிய பொருள்.

எதிர்வாதத்தையும் கேட்கத்தான் வேண்டும். மருத்துவமனை அருகிலிருந்தும் போகாதவர் இல்லையா? உண்டு. ஆடுகளை யார் பார்ப்பது, கூலி போய்விடுமே, கத்தி வைத்துவிடுவார்களே, கடன் ஏறிவிடுமே என்று தயங்குவார்கள். மருந்துக்கடையில் இரண்டு வலிமாத்திரை வாங்கி ஓர் இரவைக் கடத்துவார்கள். புண் கண்ட வயிற்றுக்கு அம்மாத்திரைகளே பகையாவதும் உண்டு. வீட்டுப் பெண்ணின் வலி எல்லாருக்கும் சோறு போட்டபின்புதான் வெளியே சொல்லப்படும். ஆகவே தாமதத்தைப் பற்றிய உண்மை எளிதில் ஒரு கல்லாகிவிடும். துக்கத்தில் இருப்பவர்மீதே அது எறியப்படும். "நேற்றே கொண்டுபோயிருந்தால்" என்ற சொல்லை எந்த விதவையிடமும் எவரும் சொல்லாதிருப்பாராக. அவரிடம் "ஆண்டவர் சித்தம்" என்பது இரக்கம். அதே சொல்லைப் பங்குப்பேரவையிலும் ஊராட்சிக் கூட்டத்திலும் சொல்வது வேறு வினை. அங்கே அது ஒரு கோப்பை மூடிவைக்கும் கயிறு.

எண்ணுவது இரக்கமற்ற வேலை என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். 2013 இறுதியில் இங்கிலாந்தும் வேல்ஸும் அவசர வயிற்று அறுவைகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கத் தொடங்கின. முதல் அறிக்கையில் முப்பது நாளுக்குள் இறந்தோர் நூற்றுக்குப் பன்னிருவரை நெருங்கினர். சில ஆண்டுகளில் அது ஒன்பதளவுக்கு இறங்கியது. 2016இல் வெளிவந்த 58 நாடுகளின் ஆய்வு, 10,745 நோயாளிகளைப் பின்தொடர்ந்து, நோயின் கடுமையைக் கணக்கில் கொண்ட பின்னரும், வளர்ச்சி குன்றிய நாடுகளில் இறப்பு செல்வ நாடுகளைவிட மும்மடங்கு என்று காட்டியது. அறுவை மேசைக்கு வந்துசேர்ந்தவர்களின் கணக்கு இது. வந்துசேராதவர்கள் இதில் இல்லை.

நல்ல சமாரியரின் உவமையில் பரிவைப் பற்றியே நாம் பிரசங்கம் கேட்கிறோம். அவர் அடிபட்டவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரம்வரை கொண்டுசென்றார், செலவுக்கு இரண்டு தெனாரியம் கொடுத்தார் என்பவை அடிக்குறிப்பாகிவிட்டன. விலங்கும் சத்திரமும் காசும் இல்லாதிருந்தால் எரிகோ சாலையில் இரக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும். நம் திருச்சபையின் மருத்துவமனைகளுள் சில, சாலைகள் கூடும் நகரங்களிலேயே எழுந்தது ஏன் என்று நம்மையும் கேட்டுக்கொள்ளலாம்.

தாமதம் நமக்குள்ளேயே இன்னொரு இடத்திலும் குடியிருக்கிறது. 'அவஸ்தைப் பூசுதல்' என்று முன்னோர் அழைத்த திருவருட்சாதனம் 1972இல் புதுப்பிக்கப்பட்டு 'நோயில் பூசுதல்' ஆயிற்று. கடும்நோய்க்காக அறுவை செய்யப்படுமுன் நோயாளிக்கு அதை வழங்கலாம் என்றே புதிய ஒழுங்கு கூறுகிறது. ஆனால் நம் ஊர்களில் மருத்துவர் கைவிரித்தபின்தான் குருவைத் தேடுகிறார்கள். குருவானவர் வாசலில் கால்வைத்தாலே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள்.

நமக்குத் தெரிந்த முதிய குருவானவர் ஒருவர், இரவில் அத்தகைய அழைப்பு வந்தால், எண்ணெய்ச் சிமிழைத் தேடுமுன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது?" விடையைக் கேட்டதும், "108க்குச் சொல்லிவிட்டீர்களா? சொல்லுங்கள். நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்" என்பாராம்.