அவன் மட்டும் மனசு வைத்தால்

‘புள்ள கெட்டிக்காரன்தான். மனசு வச்சா முதல் மார்க் வாங்குவான்.’

இந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழ் வீடு அநேகமாக இருக்காது. பெரும்பாலும் ஆண்பிள்ளையைப் பற்றித்தான் சொல்லப்படும். குறை சொல்வது போலத் தெரிந்தாலும், இதில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. வாங்காத மார்க்குக்கும் சேர்த்து அவனுக்கு மரியாதை கிடைத்துவிடுகிறது. பெண்பிள்ளை நன்றாகப் படித்தால் ‘உருப்போட்டு எழுதுறா’ என்பார்கள். படிக்காவிட்டால் ‘படிப்பு ஏறல, ஒரு இடம் பாருங்க’ என்பார்கள். மனசு வைக்கும்வரை காத்திருக்கும் பொறுமை அவள் விஷயத்தில் யாருக்கும் இருப்பதில்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் இந்த வாக்கியத்தைப் பத்தாண்டுக்கு மேல் முதுகில் சுமந்தவர் லாமார் ஓடம். 1979இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பிறந்தவர். ஆறடி பத்து அங்குல உயரம். அவ்வளவு உயரமானவர்கள் வழக்கமாகக் கூடைக்கு அடியில் நின்று ஆடுவார்கள். ஓடமோ பந்தைத் தட்டியபடியே களம் முழுக்கக் கொண்டுவருவார், சிறிய உருவம் கொண்ட ஆட்டக்காரர்களைப் போலப் பாஸ் கொடுப்பார். 1999இல் என்பிஏ அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது நான்காவது ஆளாக எடுக்கப்பட்டார். ஒருநாள் ஆட்டத்தையே தன் கைக்குள் கொண்டுவருவார், மறுநாள் இருக்கும் இடம் தெரியாது. 2001இல் போதைப்பொருள் விதியை மீறியதற்காகத் தடையும் பெற்றார். 2009, 2010 இரண்டு ஆண்டும் கோப்பை வென்ற லேக்கர்ஸ் அணியில் அவர் முக்கியமானவர். ஆனாலும் நட்சத்திர வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு முறைகூடத் தேர்வாகவில்லை.

புதிர் என்றார்கள் வர்ணனையாளர்கள். வீணாகும் திறமை என்றார்கள். அதைக் கேட்ட ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ‘சரியாத்தான் சொல்றாங்க, பொறுப்பு இல்லாதவன்’ என்றது ஒரு பக்கம். ‘அவன் பட்ட பாடு இவங்களுக்கு என்ன தெரியும்’ என்றது இன்னொரு பக்கம்.

பட்ட பாடு உண்மைதான். தந்தை ஹெராயினுக்கு அடிமை. தாய் புற்றுநோயில் இறந்தபோது ஓடமுக்கு வயது 12. வளர்த்தெடுத்தவர் பாட்டி. 2006 ஜூனில், ஏழு மாதம்கூட நிறையாத அவருடைய ஆண் குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோனது.

இந்த இரண்டு தரப்பில் எது சரி என்று தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒருவருடைய திறமை யாருக்குச் சொந்தம்? ‘வீணடித்தான்’ என்கிறோம். என் பணத்தை நீங்கள் வீணடித்தால் நான் கோபப்படலாம். உங்கள் பணத்தை நீங்களே வீணடித்தால் வருத்தப்படலாம், அவ்வளவுதான். ஓடமின் திறமை வீணானபோது சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது?

ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறநூலில் இதே பிரச்சினையை எடுத்துக்கொள்கிறார். திறமை இருந்தும் அதை வளர்க்காமல் சுகமாகக் காலம் கழிக்கும் மனிதன் ஒருவன் அவருடைய நான்கு உதாரணங்களில் வருகிறான். அவன் செய்வது தவறு என்றே காண்ட் சொல்கிறார். ஆனால் அதை ஒருவர் தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டிய கடமைகளின் வரிசையில் வைக்கிறார். எந்த அளவுக்கு, எந்த நேரத்தில் என்பதும் அவரவர் முடிவுக்கு விடப்பட்ட கடமை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து வட்டியோடு வசூலிக்கக்கூடிய கடன் அது கிடையாது.

சம்பளம் வாங்கும் விளையாட்டு வீரருக்கு வேறு கடமைகளும் உண்டு. பயிற்சிக்கு வர வேண்டும். சக வீரர்களைக் கைவிடக் கூடாது. இவை உண்மையான கடன்கள், இவற்றைக் கேட்கச் சக வீரர்களுக்கு உரிமை உண்டு. டிக்கெட் வாங்கியவருக்கும் ஓரளவு உரிமை உண்டு, ஒழுங்காக முயன்று ஆடும் ஆட்டத்தைப் பார்க்க. இருபது புள்ளிகளை எடுத்தே தீர வேண்டும் என்று கேட்க முடியாது. கூடைப்பந்தில் எறிவதில் பாதியை உள்ளே போடுபவரே நல்ல ஆட்டக்காரர். விழுவதும் விழாமல் போவதும் ஆட்டத்தின் இயல்பு. ஆனால் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆட்டம் நிற்கும் இடைவெளிகள் ஏராளம். அத்தனை இடைவெளியையும் வர்ணனையாளர் பேசி நிரப்ப வேண்டும். ‘இன்று பந்து விழவில்லை’ என்று எத்தனை முறை சொல்வது? ‘இவருக்கு மனசு இல்லை’ என்று சொன்னால் கதை கிடைத்துவிடுகிறது.

இந்தக் கதையில் நிறமும் இருக்கிறது. அமெரிக்க விளையாட்டு வர்ணனையை ஆராய்ந்தவர்கள் பலர், கறுப்பின வீரரைப் புகழும்போது பிறவித் திறமையும், வெள்ளை வீரரைப் புகழும்போது உழைப்பும் அறிவும் அதிகம் பேசப்படுவதைக் காட்டியிருக்கிறார்கள். பிறவியிலேயே எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டால், தோல்விக்கு மிஞ்சும் ஒரே காரணம் ஒழுக்கக் குறைவுதான்.

இதுவரை பேசியது ஓர் ஆணுக்கும் அவரை மதிப்பிடும் ஆண்களுக்கும் நடுவே நடந்த வழக்கு. 2009க்குப் பிறகு இதில் ஒரு பெண் இழுத்துவரப்பட்டார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஓடம், தொலைக்காட்சித் தொடரால் உலகப் புகழ்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த க்ளோயி கர்தாஷியனைத் திருமணம் செய்துகொண்டார். பின்னாளில் ஓடமின் ஆட்டம் சரிந்தபோது காரணம் தயாராக இருந்தது: ‘கர்தாஷியன் சாபம்’. அந்தக் குடும்பத்துப் பெண்களைத் தொட்ட ஆட்டக்காரர் உருப்படமாட்டார் என்று வேடிக்கையாகவும் வேடிக்கை இல்லாமலும் சொன்னார்கள். வீரரை விட்டுக்கொடுக்காத ரசிகர்களுக்கும் அது வசதியாக இருந்தது. அவர் நல்லவர், திறமைசாலி, அவள்தான் கெடுத்தாள்.

கணக்கைப் பார்ப்போம். திருமணத்துக்கு அடுத்து வந்த பருவத்தில் லேக்கர்ஸ் கோப்பை வென்றது. அதற்கடுத்த பருவத்தில் ஓடம் 82 ஆட்டங்களிலும் ஆடினார், சராசரியாக 14.4 புள்ளிகள் எடுத்தார், மாற்று வீரராக வந்து ஆடுபவர்களில் ஆண்டின் சிறந்தவர் என்ற விருதை 2011இல் பெற்றார். சீராக ஆடாதவர் என்று பேர் வாங்கியவர் மிகச் சீராக ஆடிய காலம் அது. அப்போது ‘கர்தாஷியன் அதிர்ஷ்டம்’ என்று யாரும் பெயர் சூட்டவில்லை.

2011 கோடையில் ஓடமின் நெருங்கிய உறவினர் கொல்லப்பட்டார். அதையொட்டி அவர் பயணம் செய்த வண்டி சிக்கிய விபத்தின் விளைவாக ஒரு சிறுவன் இறந்தான். டிசம்பரில் லேக்கர்ஸ் அவரை வேறு அணிக்கு மாற்றப் பேரம் பேசியது தெரிந்து மனம் ஒடிந்தார். என்பிஏ அந்தப் பேரத்தைத் தடுத்தபின், அவரே கேட்டுக்கொண்டு டாலஸ் அணிக்குப் போனார். அங்கே 50 ஆட்டங்கள், சராசரி 6.6 புள்ளிகள். பருவம் முடியும் முன்பே அணியை விட்டுப் பிரிந்தார். இத்தனை காரணங்கள் கண் முன்னே கிடக்க, மனைவியின் குடும்பப் பெயரைத் தேடிப் பிடித்தது ஒரு தேசத்தின் விளையாட்டுப் பேச்சு.

நமக்கு இது புதிதில்லை. 2015 உலகக் கோப்பை அரையிறுதியில் விராட் கோலி 1 ரன்னில் ஆட்டமிழந்தபோது, சிட்னி அரங்கில் பார்வையாளராக உட்கார்ந்திருந்த அனுஷ்கா சர்மாவைத்தான் நம் நாட்டு ரசிகர்கள் வசைபாடினார்கள். அடுத்த ஆண்டு கோலி வெற்றிமேல் வெற்றி தேடித் தந்தபோதும் கேலி நிற்கவில்லை. அவரே வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியதாயிற்று. ‘அவ காலடி எடுத்து வச்ச நேரம்’ என்று மருமகளைச் சொல்லும் நம் வீடுகளின் பேச்சுக்கு வர்ணனையாளர் மைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கடை நொடித்தால் அவள் ராசி. கடை செழித்தால் அவன் சாமர்த்தியம்.

இந்தப் பழி பெண்ணுக்கு மட்டும்தான் அநியாயம் என்று நினைக்க வேண்டாம். அந்த ஆணுக்கும் இது அவமானமே. தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்பேற்கும் மனிதர் என்ற தகுதி அவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. யாரோ கெடுத்துவிட, கெட்டுப்போகும் பண்டமாக ஆகிவிடுகிறார். ஓடமே 2019இல் வெளிவந்த தன் சுயசரிதையில் போதையையும் மனைவிக்குச் செய்த துரோகத்தையும் தன் செயல்களாகத்தான் எழுதினார். ரசிகர்கள் கொடுத்த சாக்கை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

2015 அக்டோபரில் நெவாடாவில் ஓடம் நினைவிழந்து கிடந்து, உயிருக்குப் போராடும் நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார. க்ளோயி விவாகரத்துக்கு மனுப் போட்டு இரண்டு ஆண்டு ஆகப்போகிறது. ஆனால் தீர்ப்பு முடிவாகாததால் சட்டப்படி இன்னும் மனைவி. மருத்துவ முடிவுகளை எடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அடுத்த ஆண்டு மீண்டும் மனுப் போட்டுப் பிரிந்தார். சாபம் என்று பேர் வைக்கப்பட்டவர்தான் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆண் விழுந்தால் தள்ளிவிட்டவளும் அவள்தான், தூக்கிவிட வேண்டியவளும் அவள்தான். நடுவில் தனக்கென்று அவள் எதையும் இழந்திருக்கக்கூடும் என்ற நினைப்பு இந்த விவாதத்தில் எங்கும் வராது.

2006இல் இறந்த குழந்தைக்கும் ஒரு தாய் உண்டு. ‘அவன் பட்ட பாடு’ என்று ஓடமுக்காக வாதாடியவர்கள் அந்த மரணத்தை அடிக்கடி எடுத்துச் சொன்னார்கள். பரிவோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பேச்சில் அது ஒரு வீரரின் புள்ளிக்கணக்கை விளக்கும் சம்பவமாக மட்டுமே இருந்தது. பரிவுகூடத் திறமை இருக்கும் பக்கம் பார்த்துத்தான் ஓடுகிறது.

காத்திருப்பதற்கும் இடம் வேண்டும். என்பிஏவில் 30 அணிகள், அணிக்கு 15 பேர். ஓடமுக்குப் பல ஆண்டுகள், பல அணிகள் வாய்ப்புக் கொடுத்தன. அமெரிக்கப் பெண்களின் தொழில்முறைப் போட்டியான டபிள்யூஎன்பிஏவில் 2024இல் இருந்தவை 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். ஆகமொத்தம் 144 இடங்கள். நான்கு ஆட்டம் சரியாக ஆடாத பெண், ‘திறமைசாலி ஆனால் சீரில்லாதவள்’ என்ற விவாதப் பொருளாக ஆவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுவாள். வீணாகிறதே என்று ஊரே கவலைப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது.

அப்படியானால் யாரும் யாரையும் விமர்சிக்கவே கூடாதா? விமர்சிக்கலாம். பின்வாங்கி ஓடித் தடுக்கவில்லை என்றால் தடுக்கவில்லை என்று சொல்லலாம். பயிற்சிக்கு வரவில்லை என்றால் அதையும் சொல்லலாம். கண்ணால் கண்ட செயலைச் சொல்வது நியாயம். காணாத மனசுக்குள் போய் இல்லாததைத் தேடுவது நியாயமில்லை. களத்திலேயே இல்லாத பெண் மீது தோல்வியை எழுதுவது எந்தக் கணக்கிலும் சேராது.

வீட்டிலும் இதே அளவுகோல் போதும். பையன் படிக்கவில்லையா, படிக்கவில்லை என்று சொல்லுங்கள். மனசு வைக்காத மார்க்கை அவன் பெயரில் வரவு வைக்காதீர்கள். தங்கை வாங்கிய மார்க்கை வாங்கியதாகவே எழுதுங்கள். நாளைக்கு அவனுக்கு ஒரு மனைவி வரும்போது, பற்று எழுத ஆள் தேடும் அவசியம் இருக்காது.